அவளும் நானும்

கண்காட்சிக்கு ஓவியர் வைத்த பெயர் 'அவளும் நானும்'. கூடம் முழுக்க அவர் மனைவிதான்: ஜன்னலோரம் அவள், நாற்காலியில் அவள், ஈரத் தலையைத் துவட்டும் அவள். நிஜத்து அவள் மட்டும் தண்ணீர்க் குவளைகள் வைத்த மேசையோரம், விளக்கு எட்டாத இடத்தில் நிற்கிறாள். துவட்டும் படத்தின் முன் ஒரு ரசிகர் தலையைச் சாய்த்து, "இந்தச் சோகம் இருக்கே, இது பிரபஞ்சத்தோட சோகம்" என்கிறார். பக்கத்தில் நிற்பவர், எதற்கு வம்பு என்று "ஆமாமா" போடுகிறார். அதை வரைந்த அன்றைக்கு அவளுக்கு நல்ல ஜலதோஷம். வீட்டில் ஓவியர் அவளிடம் பேசுவதெல்லாம் தூரிகையும் கையுமாக இருக்கும்போதுதான்: "மோவாயைத் தூக்கு", "மூச்சை மெதுவா விடு". படம் முடிந்தால் பேச்சும் முடிந்தது. இன்றைக்காவது நாலு பேர் பார்க்கப் பக்கத்தில் கூப்பிட்டு நிறுத்திக்கொள்வார் என்றுதான், புதுச் செருப்பு கடிப்பதையும் பொறுத்துக்கொண்டு காத்திருக்கிறாள். புகைப்படக்காரர் கேமராவைத் தூக்குகிறார். "சார், அம்மாவும் வரட்டுமே. சேர்ந்தாப்புல ஒண்ணு எடுத்துடலாம்." அவள் முடியை ஒதுக்கிக்கொண்டு ஓரடி எடுத்து வைக்கிறாள். ஓவியர் ஜன்னலோரப் படத்தின் சட்டத்தைத் தோளை அணைப்பதுபோல் அணைத்துக்கொள்கிறார். "அதான் இங்க இருக்காளே. நீ எடுப்பா." கூட்டம் கொல்லென்று சிரிக்கிறது. வெளிச்சம் பளிச்சிட்டு அடங்குகிறது. முன்வைத்த காலை இப்போது பின்னால் இழுத்தால் யாராவது கவனித்துவிடுவார்கள். அவள் அங்கேயே, உதட்டில் வந்த சிரிப்பைக் கலைக்காமல் நிற்கிறாள். அசையாமல் நிற்பது அவளுக்குப் புதிதா என்ன?