வெள்ளிக்கிழமை வரைக்கும்

“குழாயை எடுத்துடலாம் டாக்டர்.”

மகன் இதைச் சொன்னதும், பக்கத்தில் நின்றிருந்த அத்தை அவனை ஒரு பார்வை பார்த்தாள்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அப்பா. குடல் ஆபரேஷன் முடிந்து, அன்று செவ்வாய்க்கிழமையோடு இருபத்தெட்டு நாள். தொண்டைக்குள் குழாய். அதைப் பிடுங்கப் பார்க்கிறார் என்று இரண்டு கைகளையும் கட்டில் கம்பியோடு பேண்டேஜ் துணியால் கட்டியிருந்தார்கள்.

“என்ன அவசரம்?” என்றார் டாக்டர்.

“நேத்து நர்ஸ் அஞ்சு நிமிஷம் கட்டை அவிழ்த்துவிட்டாங்க. அப்பா என் உள்ளங்கையில விரலால எழுதினார். போதும்னு.”

“வலியில எல்லாரும் அப்படித்தான் சொல்வாங்க.”

“கிட்னியும் போயிடுச்சுன்னு நீங்கதானே சொன்னீங்க. இனிமே எழுந்துப்பாரா?”

டாக்டர் கேஸ் ஷீட்டைப் புரட்டினார். “வெள்ளிக்கிழமை வரைக்கும் பார்ப்போம். அவ்வளவு சுலபமா கையை விரிக்கிற ஆள் இல்லை நான்.”

அவர் தலை மறைந்ததும் அத்தை பிடித்துக்கொண்டாள். “யாரோ பெத்த பிள்ளை, அந்த டாக்டருக்கு இருக்கிற ஈரம் உனக்கு இல்லையேடா. ஆபரேஷனுக்கு அப்புறம் யாரும் சாகக் கூடாதுன்னு ஆராய்ச்சியே பண்றாராம். நீ என்னடான்னா, நாலு வாரம் நாற்காலியில உட்கார்ந்ததுக்கே சலிச்சுக்கிறே.”

“சலிப்பு இல்லை அத்தை.”

“பின்னே?”

அவனுக்கே தெரியவில்லை. கேட்டது அப்பாவுக்காகவா, தனக்காகவா? முதுகு விட்டுப்போனது நிஜம். வீட்டுக்குப் போய்க் காலை நீட்டிப் படுக்க ஆசைப்பட்டதும் நிஜம்.

அதன்பிறகு அவன் அப்பாவின் கையைத் தொடவில்லை. இன்னொரு தடவை எழுதிவிடுவாரோ என்று பயம். அவர் கண்கள் மட்டும் அவன் போகிற பக்கமெல்லாம் வந்தன.

வியாழக்கிழமை டாக்டர் நாலு தடவை வந்தார். ரத்த அழுத்தம் இறங்கும்போதெல்லாம் மருந்தைத் தானே ஏற்றினார். அத்தை அவரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

வெள்ளி காலை டாக்டரே அவனைக் கூப்பிட்டார். “நீங்க சொன்னதுதான் சரி. பாவம், இதுக்கு மேல கஷ்டப்படுத்த வேண்டாம்.”

பத்து மணிக்கெல்லாம் முடிந்துவிட்டது.

மகன் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டான். “நான்தான் அவசரப்பட்டுட்டேன். மன்னிச்சிடுங்க.”

டாக்டர் அவன் தோளைத் தட்டிவிட்டு அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

உடலை வாங்கக் கையெழுத்துப் போடும் இடத்தில் ஒரு பெண் இன்னொரு தாளையும் நீட்டினாள். “டாக்டரோட ஆராய்ச்சியில சேர ஆபரேஷனுக்கு முன்னாடி சம்மதம் கொடுத்திருந்தீங்க சார். அவரோட புது முறையில எத்தனை பேர் பிழைக்கிறாங்கன்னு பார்க்கிறது. இதுலயும் ஒண்ணு போட்டுடுங்க.”

பேனாவை எடுத்தவன் நிறுத்தினான். அப்பா பெயருக்கு எதிரே ‘பிழைத்தார்’ என்று எழுதியிருந்தது.

“அப்பா இப்பத்தானேம்மா போனார்?”

“ஆமா சார், கஷ்டமாத்தான் இருக்கு.” அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. “ஆனா ஆராய்ச்சிக்கு ஆபரேஷன்லேருந்து முப்பது நாள்தான் சார் கணக்கு. அது நேத்தோட முடிஞ்சிடுச்சு.”