மாத்திரை டப்பா மூடி

பெரியவளின் பிரசவத்துக்கு வெளிநாடு போக வேண்டும். மறுநாள் விசா அலுவலகம். அம்மா தனக்கும் சின்னவளுக்குமான பயணக் காப்பீட்டுத் தாள்களை அடுக்கி, கையோடு ஸ்டேப்ளர் பின்னும் அடித்துவிட்டு, காபி கலக்க வந்தபோது அதைச் சொன்னாள்.

"ஐயோ, பின் அடிச்சிருந்தா வாங்க மாட்டாங்களேம்மா!" அடுக்களையிலிருந்த சின்னவள் தலையில் அடித்துக்கொண்டாள்.

ஓடிப்போய்ப் பார்த்தார்கள். தாள்களில் பின் இல்லை. எல்லாப் பின்களும் மாத்திரை டப்பா மூடியில் கிடந்தன, யார் காலிலும் குத்தாதபடி. அப்பா உயிரோடு இருந்தவரை அப்படித்தான் கழற்றிப் போடுவார்.

வீட்டில் வேறு யாரும் இல்லை.

விசா கிடைத்தது. கிளம்பும் நாளில், வீட்டைப் பூட்டுமுன், அம்மா ஒரு கட்டுப் பழைய தாள்களுக்குப் பின் அடித்து மேசையில் வைத்தாள். பக்கத்தில் அந்த மூடி.

"எதுக்கும்மா இதெல்லாம்?"

"நாம வர்ற வரைக்கும் அந்த மனுஷனுக்குப் பொழுது போக வேண்டாமா?"