ஓடிப்போனவர்களின் ஊர்

"வில்ஃப்ரெட் தோர்ன்பெக்" என்று வந்த பெரியவர் தன் பெயரைச் சொன்னதும், தோர்ன்பெக் கிராமத்துத் தேவாலயத்தில் பதிவேடுகளைப் பார்த்துக்கொள்ளும் மார்ஜரிக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"மாசத்துக்கு ஒரு தோர்ன்பெக் வந்துடறீங்க! எங்க முன்னோருங்க இந்த ஊர் பிரபுக்கள், கல்லறையைக் காட்டுங்கன்னு."

"இல்லீங்களா?"

"முந்நூறு வருஷத்துக் கல்லெல்லாம் இங்க இருக்கு. ஒண்ணுல கூட அந்தப் பேர் கிடையாது."

பெரியவரின் முகம் வாடியது. மார்ஜரி தேநீரை நீட்டினாள்.

"பையைக் கீழ வைங்களேன். யாரும் தூக்கிட்டுப் போயிட மாட்டாங்க."

அவர் மடியிலிருந்த பையை இன்னும் இறுக்கிக்கொண்டார். "ஏன் கிடையாது?"

"ஊர்லயே இருக்கறவனை எவன் ஊர்ப்பேர் சொல்லிக் கூப்பிடுவான்? ஊரை விட்டுப் போனவனைத்தான் போன இடத்துல அப்படிக் கூப்பிட்டாங்க. அதுவே குடும்பப் பேராயிடுச்சு. உங்க வம்சமே ஓடிப்போன வம்சம் சார்! போனவன் ஒருத்தனும் திரும்பி வரலை."

தான் சொன்னதற்குத் தானே சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை.

"இங்க புதைக்க இடம் கிடைக்குமாம்மா?"

"உங்களுக்கா? குத்துக்கல்லாட்டம் இருக்கீங்க, அதுக்குள்ள என்ன அவசரம்?"

அவர் பையைத் திறந்து, சிறிய அஸ்திப் பெட்டி ஒன்றை மேசைமேல் வைத்தார். மூடியில் 'ராபின் தோர்ன்பெக், வயது இருபத்தாறு' என்றிருந்தது.

"என் பையன். கோவத்துல வீட்டை விட்டுப் போடான்னேன். போயிட்டான். ஏழு வருஷம் கழிச்சு இப்படித்தான் கையில கொடுத்தாங்க."

மார்ஜரி பதிவேட்டை எடுத்து விரித்தாள்.

"உங்க பதிவேட்டுல எழுதிக்குங்கம்மா," என்றார் அவர். "ஒரு தோர்ன்பெக் திரும்பி வந்துட்டான்னு."