சனிக்கிழமை ரசிகை

"அத்தை, இது என்ன?"

மருமகள் வாளியிலிருந்து தன் வெள்ளைக் கோட்டை எடுத்து உதறிக் காட்டினாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்குப் போட்டுக்கொண்டு போகிற கோட்டு. இப்போது அது திட்டுத்திட்டாக ஆரஞ்சு நிறத்தில் இருந்தது.

"ஐயையோ! என் பனியனோட சேர்த்து ஊறப் போட்டுட்டேன் போலிருக்கே!"

பனியன் என்று மாமியார் சொன்னது, நகரத்துக்குப் புதிதாக வந்திருக்கும் கால்பந்து அணியின் சட்டையை. முதுகில் பத்தாம் நம்பர். நாலு மாதத்துக்கு முன்புவரை பந்தைக் காலால் உதைக்க வேண்டுமா, கையால் பிடிக்க வேண்டுமா என்றுகூடத் தெரியாத மனுஷி. இப்போது சனிக்கிழமை இரண்டரை மணி ஆகிவிட்டால் போதும், சட்டையை மாட்டிக்கொண்டு மைதானத்துக்குக் கிளம்பிவிடுவாள்.

"சட்டை இன்னும் ஈரமா இருக்கே, அத்தை."

"போட்டுக்கிட்டா காஞ்சுடும்."

மருமகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"கீழேயிருந்து ஒரு குடம் தண்ணி கொண்டுவரச் சொன்னா முட்டி வலி. மைதானத்துல கேலரிப் படி மட்டும் ஏற முடியுதா?"

"அங்கே கூட்டமே தூக்கிட்டுப் போயிடும்மா!"

கட்டிலில் படுத்திருந்த மகன் சிரித்தான். லிஃப்ட் மெக்கானிக். அவன் காலைத் தாண்டி எட்டித்தான் மாமியார் கண்ணாடி பார்த்துத் தலை வாரிக்கொண்டாள்.

"நீங்க வேற சிரிங்க!" என்று மருமகள் அவன் பக்கம் திரும்பினாள். "போன மாசம் பேப்பர்ல இவங்க படம் வந்துச்சே, வாயைப் பொளந்துக்கிட்டு கத்தற மாதிரி. அதை எங்க நோட்டீஸ் போர்டுல ஒட்டி வச்சிருக்காங்க. 'உங்க அத்தை பரம ரசிகையாமே'ன்னு வர்றவன் போறவனெல்லாம் கேக்கறான்."

"அம்மாவுக்கு ஒரு பொழுதுபோக்கு. விடேன்."

"எப்படி விடறது? நான் காலையில போறேன், நீங்க சாயங்காலம் நைட் டூட்டிக்குப் போறீங்க, ஞாயித்துக்கிழமைகூட லீவு இல்ல. மூணு பேரும் வீட்ல இருக்கறது இந்த ஒரு மத்தியானம்தான். இன்னைக்காவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடலாம்னு பார்த்து பார்த்து சமைச்சேன். அப்படி என்ன அத்தை இருக்கு அந்த டீம்ல? ஏழு ஆட்டம் ஆடி ஏழுலயும் தோத்தாச்சு!"

"தோக்கறவங்களுக்குத்தானேம்மா கத்தறதுக்கு ஆள் வேணும்?"

"சும்மா சொல்லாதீங்க. நான் இருக்கற வீட்ல உங்களுக்கு இருக்கப் பிடிக்கலை. அதை நேரா சொல்லிடலாமே!"

மாமியார் ஆரஞ்சுத் துண்டைக் கழுத்தில் சுற்றிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள்.

மூன்றரை மணிக்கு மருமகளின் போன் அடித்தது. உடன் வேலை பார்ப்பவள். திங்கட்கிழமை டூட்டியை மாற்றிக்கொள்ள முடியுமா என்று கேட்டவள், பேச்சோடு பேச்சாக, "அத்தையும் பக்கத்துல டிவி பார்க்கறாங்களா?" என்றாள்.

"டிவியா? அவங்கதான் மைதானத்துக்கே போயிட்டாங்களே."

"மைதானத்துக்கா? இன்னைக்கு இங்கே ஆட்டமே கிடையாதே! வெளியூர்ல ஆடறாங்க. போன வாரமும் வெளியூர்தான்."

மருமகள் போனை வைத்தாள். போன வாரம் மாமியார் வீட்டுக்குள் நுழையும்போதே கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாளே, கடைசி நிமிஷத்தில் கோல் போட்டார்கள், கேலரியே இடிந்து விழுகிற மாதிரி சத்தம் என்று! அத்தனையும் பொய்.

"கேட்டீங்களா உங்க அம்மா கதையை?"

விஷயத்தைச் சொன்னதும் மகன் எழுந்து சட்டையைத் தேடினான்.

"நீங்க வேண்டாம். நீங்க போனா பூசி மெழுகிடுவீங்க. எங்கே போறாங்கன்னு நானே பார்த்துட்டு வரேன்."

பஸ் பிடித்து அவள் மைதானத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தூறல் போட ஆரம்பித்திருந்தது. வாசல் கேட்டில் பெரிய பூட்டு. டிக்கெட் கவுன்டரெல்லாம் மூடியிருந்தன. வாட்ச்மேன் மட்டும் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

மாமியார் எங்கேயும் போய்விடவில்லை. கேட்டைத் தாண்டி வெளிச்சுவர் ஓரமாக, கவுன்டர் கூரைக்குக் கீழே இருந்த சிமென்ட் பெஞ்சில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஆரஞ்சுத் துண்டு தலைக்கு ஏறியிருந்தது. முட்டியைத் தடவிவிட்டுக்கொண்டே மறுபக்கச் சாலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் இருப்பதைவிட இது மேலாம்!

விடுவிடுவென்று நடந்தவள், வாட்ச்மேன் அருகில் வந்ததும் நின்றாள். முதலில் முழுசாகத் தெரிந்துகொண்டு, பிறகு பேசுவோம்.

"அந்தம்மா யாருங்க? ஆட்டம் இல்லாத நாள்ல இங்கே வந்து உட்கார்ந்திருக்காங்க?"

"அவங்களா? சனிக்கிழமை ஆனா வந்துடுவாங்க. ஆட்டம் இருந்தா உள்ளே. இல்லேன்னா அந்த பெஞ்சு. மழை வருது, கிளம்புங்கம்மான்னு இப்பக்கூட சொன்னேன். ஆறு மணி ஆகாம எழுந்திரிக்க மாட்டாங்க."

"பொழுது போகலைன்னா பார்க், கடைத்தெருன்னு போக வேண்டியதுதானே?"

"நானும் அதைத்தாங்க கேட்டேன். 'அங்கெல்லாம் போறேன்னா மகனும் மருமகளும் கூடவே கிளம்பிடுவாங்க. அவங்க ரெண்டு பேருக்கும் பிடிக்காதது இந்தப் பந்தாட்டம் ஒண்ணுதான்'னாங்க."

"கூட வந்தா என்னவாம்?"

வாட்ச்மேன் பெஞ்சுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தணித்தார்.

"'வீட்ல இருக்கறது ஒரே ரூம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகலை. சின்னஞ்சிறுசுங்க, சேர்ந்து இருக்கறதே வாரத்துல இந்த மூணு மணி நேரம்தான். அதுலயும் நான் நடுவுல உட்கார்ந்திருந்தா நல்லாவா இருக்கும்'னு கேக்கறாங்கம்மா!"