ஏழு பொட்டு பேஸ்ட்

அன்று மேசையில் இருந்தவர்கள் நால்வர்: ஆறு கோர் ப்ராசஸர், எட்டு கோர் ப்ராசஸர், இருவரும் மாறி மாறி உட்கார ஒரே மதர்போர்டு, சூடு தணிக்கும் பேஸ்ட் டியூப். டியூபில் ஏழு பொட்டு இருந்தது. ஒவ்வொரு முறை உட்காரவும் புதிதாக ஒரு பொட்டு வேண்டும். இல்லாவிட்டால் ப்ராசஸர் கொதித்து நின்றுவிடும்.

வேகப் போட்டியில் ஜெயிப்பவருக்குப் புதுக் கணினியில் இடம். தோற்றவர் டப்பாவுக்குத் திரும்ப வேண்டும்.

ஒரே வேலையை எட்டு கோர் அறுபத்தொரு நொடியில் முடித்தது, ஆறு கோர் அறுபத்திரண்டு நொடியில்.

“ஜன்னல் காத்து உன் பக்கம் அடிச்சுது தம்பி. மறுபடி வா!” என்றது ஆறு.

இரண்டாம் சுற்றில் ஆறு ஒரு நொடி முந்தியது.

“இப்போ காத்து யார் பக்கமாம்?” என்றது எட்டு.

மூன்றாம் சுற்றில் இருவரும் சமம்.

டியூபின் வயிறு ஒட்டிப்போயிருந்தது. “அண்ணன்மாரே, ஆறு பொட்டு தீர்ந்தாச்சு. மிச்சம் ஒண்ணு, கணினிக்குப் போறவருக்கு.”

“யார் வேகம்னு உனக்கும் தெரிய வேண்டாமா தங்கச்சி?” என்றது எட்டு.

தெரியத்தான் வேண்டியிருந்தது. டியூப் பிதுக்கிக் கொடுத்தது. எட்டு ஐம்பத்தொன்பதில் முடித்து எழுந்தது.

“இப்போ என் முறை,” என்று ஆறு போய் உட்கார்ந்தது. டியூப் முக்கிப் பார்த்தது, காற்றுதான் வந்தது.

புதுக் கணினி காலியாகவே நின்றது. டப்பாவுக்குத் திரும்பிய ப்ராசஸர் இரண்டு. மிச்சமிருந்த பொட்டு பூஜ்யம்.