ஜன்னலோரத்து மிஷின்

"இன்னைக்கு ரெண்டுல ஒண்ணு தெரியணும் யக்கா. அந்த ஜன்னலைச் சாத்தணும், இல்ல முருகலட்சுமி அக்காவை இடம் மாத்தணும்!"

பாம்பன் மகளிர் குழுவின் தையல் கூடத்தில் ஜோஸ்லின்தான் முதலில் குரல் கொடுத்தாள். மற்ற பத்துப் பேரும் மிஷினை நிறுத்திவிட்டுத் தலையாட்டினார்கள்.

தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கிற மாசம். தைப்பதோ பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை. ஜன்னலைத் திறந்தால் கடற்கரை மணல் பூராவும் துணி மேல்தான். ஆனாலும் முருகலட்சுமி மூன்று வாரமாக, வந்ததும் வராததுமாக ஜன்னலை விரியத் திறந்துவிடுகிறாள். சாத்தினால் மறுபடி எழுந்து போய்த் திறக்கிறாள். இப்படியும் ஒரு பிடிவாதமா!

"ஏன் இப்படிப் பண்ற?" குழுத் தலைவி உமாமகேஸ்வரி கேட்டாள்.

"புழுங்குது."

"உனக்கு மட்டுமா? நாளைக்கும் திறந்தேன்னா, நீ வேலைக்கே வர வேணாம்."

முருகலட்சுமி ஊசியில் நூலைக் கோத்தாள்.

ஜோஸ்லினுக்கு அப்பாடா என்றிருந்தது. மணல் பட்டால் இருமல் கிளம்பிவிடுகிறது. இருமினால் ஏன், எதற்கு என்பார்கள். டி.பி. மாத்திரை சாப்பிடுகிறாள் என்று தெரிந்தால் மறுநாளே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். புருஷன் இல்லாத வீட்டில் இரண்டு பிள்ளைகளுக்கும் இந்த மிஷின்தான் சோறு.

மத்தியானம் மற்றவர்கள் சாப்பிட வெளியே போனதும் ஜோஸ்லின் ஜன்னலைச் சாத்தப் போனாள். போகாமல் உட்கார்ந்திருந்த முருகலட்சுமி எழுந்து வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"திறந்தே கெடக்கட்டும் தாயி. ஆஸ்பத்திரில நீ மாத்திரை வாங்கறப்ப பின்னாடி நான் நின்னேன். அந்த அட்டை எனக்குத் தெரியாதா?"

ஜோஸ்லின் வாசல் பக்கம் எட்டிப் பார்த்தாள். "யக்கா, யார்ட்டயும்..."

"சொல்றதா இருந்தா மூணு வாரத்துக்கு முன்னாடியே சொல்லியிருப்பேனே. காத்து வந்து போனா மத்தவுகளுக்கு லேசுல ஒட்டாதுன்னு டாக்டரு சொல்லுவாரு. மண்ணு பறந்தா, நீ வாயைக் கட்டிக்கிட்டாலும் ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாக."

"அதுக்காக உங்க வேலையை விடுவீகளா?"

"முன்னாடி தைச்ச கடைல எனக்கும் இதே சீக்கு வந்துச்சு. ஜன்னலைத் திறங்கன்னு கேட்டேன். கதவைத் திறந்தாக, வெளிய போன்னு."

மறுநாள் காலையில் உமாமகேஸ்வரி உள்ளே வரும்போதே கத்தினாள். "திறந்தது யாரு?"

முருகலட்சுமி எழுந்திருப்பதற்குள் முந்தானையால் வாயைக் கட்டிக்கொண்டு ஜோஸ்லின் எழுந்து நின்றாள்.

"நான்தான் யக்கா. புழுங்குது."