அடைக்கு உட்கார ஒரு சாக்கு

"குஞ்சு பொரிக்கிறதைப் பார்த்துட்டுத்தான் ஊருக்குக் கிளம்புவேன்" என்று மாமியார் சொன்ன நாளிலிருந்து, மருமகள் காலண்டரும் பெருமூச்சுமாக இருந்தாள்.

கோழியை அடைக்குப் பழக்கியது மாமியார்தான். இருட்டு மூலையில் வைக்கோல் கூடை, அதற்குள் ஏழு மர முட்டைகள்.

"பொய் முட்டை எதுக்கு அத்தை?"

"ஓரிடத்துல உட்கார ஒரு சாக்கு வேணாமா? நல்லா உட்கார்ந்ததும் நிஜ முட்டையை மாத்திடலாம்."

மூன்றாம் நாள் கோழி அசையாமல் உட்கார்ந்தது. மருமகள் நிஜ முட்டைகளை மாற்றி வைத்தாள். மறுநாள் காலை மாமியார் வீட்டுக்கே ஆம்லெட் போட்டு அமர்க்களப்படுத்தினார்.

நிஜ முட்டை வைத்த இருபத்தோராம் நாள், மாமியாரின் பை வாசலுக்கு வந்துவிட்டது. கூடையிலோ கீச்சென்ற சத்தமே இல்லை. மருமகள் கோழியைத் தூக்கிப் பார்த்தாள்.

ஏழும் மரம்!

அந்த ஆம்லெட் ஞாபகத்துக்கு வந்தது. அப்பாடா என்று அவளுக்கு உயிர் வந்தது. அத்தை போய்விட்டால் பேச்சுத்துணைக்கு யார் என்றுதானே இத்தனை நாள் பெருமூச்சு!

"எல்லாம் கூமுட்டை அத்தை. புதுசா வைக்கணும்."

"அடடா! அப்போ இன்னொரு இருபத்தோரு நாளா?" பை அதற்குள் அறைக்குத் திரும்பியிருந்தது.

"ஆமா அத்தை. இந்தத் தடவை முட்டையை நீங்களே மாத்தி வச்சுடுங்க."